தலைமை என்னும் சுமை: சென்னைத் துறைமுக வரலாறு புகட்டும் பாடங்கள்

தலைமை என்பது மாலையும் மரியாதையும் பெறுதற்குரிய ஆசனம் என்றே உலகத்தாரிற் பலர் எண்ணுகின்றனர். அவ்வாசனத்தில் ஒரு திங்கள் அமர்ந்து பார்த்தவரோ, அது முள்ளாற் செய்த இருக்கை என்பதை நன்குணர்வர். மேலிடத்தார் வேலை முடியவில்லை என்று சினப்பர். கீழுள்ளார் வேலை மிகுதி என்று முணுமுணுப்பர். நேற்றுவரை தோளோடு தோள் நின்ற நண்பனோ, இன்று அதிகாரம் வந்ததும் முகம் மாறிவிட்டான் என்று பழிப்பன். இம்மூவர்க்கும் நடுவே நின்று, காரியமும் கெடாமல் மனிதர் மனமும் கெடாமல் நடத்திச் செல்லுதல் எளிதன்று.

இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் முதலிய இடங்களில் வாழும் நம்மவருள், கடற்றொழிலை விட்டுத் துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் காரியாலயங்களிலும் புகுந்தோர் இன்று மிகப் பலர். அவருட் சிலர் பத்துப் பேரையோ நூறு பேரையோ மேற்பார்க்கும் பதவியும் அடைந்துள்ளனர். இது நம் குலத்தார் யாவரும் மகிழத்தக்கதே. ஆயினும், பதவி வந்த அளவிலே தலைமை வந்துவிடாது. அதனைக் கற்றுக்கொள்ளல் வேண்டும். கற்பதற்கு நாம் தொலைதூரம் செல்லவேண்டுவதில்லை. நம் வாயிலின் எதிரே கிடக்கும் துறைமுகத்தின் வரலாறும், அதனைச் சூழ்ந்த ஆலைகளின் வரலாறும் போதிய பாடம் புகட்டும். அவற்றுட் சிலவற்றை நம் சங்கத்து அன்பர்கட்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், துறைமுகம் தோன்றுமுன் இருந்த நிலையைச் சிறிது நோக்குவோம். 1639ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியார் சென்னையிற் காலூன்றிய நாள் முதல் இரு நூற்றாண்டுக்கு மேலாக இவ்வூருக்குத் துறைமுகம் என்பதே கிடையாது. கப்பல்கள் கரைக்கு எட்டத்தில் நங்கூரமிட்டு நிற்கும். இடையே ஓயாது புரண்டெழும் அலைவரிசைகளைக் கடந்து மக்களையும் சரக்கையும் கரை சேர்த்தவர்கள் நம் முன்னோரே. அவர் செலுத்தியது மசூலாப் படகு. ஆணி அறையாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்யப்பட்ட அப்படகு, அலை மோதும்போது உடையாது வளைந்து கொடுக்கும். அயல்நாட்டுப் படகுகள் நொறுங்கிய இடத்தில் அது பிழைத்தமைக்குக் காரணம் இதுவே.

அப்படகின் பின்புறத்தில் நீண்ட துடுப்பைப் பற்றி நின்றவன் தண்டல். துடுப்பு வலிப்போர் அனைவரும் அவன் குரலுக்கே காத்திருப்பர். எந்த அலையை விடுவது, எந்த அலையின் முதுகில் ஏறுவது, எக்கணத்தில் எல்லாரும் ஒருங்கே வலிப்பது என்பவற்றை அவன் ஒருவனே துணிய வேண்டும். காலந் தாழ்த்தினால் படகு கவிழும், அவசரப்பட்டாலும் கவிழும். கவிழ்ந்தால் அவனும் அதே நீரில் விழுவன். தலைமையின் முதல் இலக்கணம் இதுவென்று நாம் கருதுகின்றோம். தான் இடும் கட்டளையின் விளைவைத் தானும் உடனிருந்து அனுபவிப்பவனுடைய சொல்லுக்கே மக்கள் மனமுவந்து துடுப்பு வலிப்பர். கரையில் நின்றுகொண்டு கையசைப்பவனுடைய சொல் அலையோசையில் அமிழ்ந்துபோம்.

நிற்க. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நிலைமை மாறத் தொடங்கிற்று. 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிற்று. உள்நாட்டுச் சரக்கு விரைந்து கரைக்கு வந்ததேயன்றிக் கரையிலிருந்து கப்பலுக்குச் செல்லும் வழி பழையபடியே இருந்தது. அக்குறையை நீக்கக் கடலுக்குள் இரும்புத் தூண்களின்மேல் ஒரு பாலம் அமைத்தனர். புயல்கள் அதனைச் சிதைத்தன. பின்னர், கடலில் இரு கரங்களை நீட்டினாற்போலக் கற்சுவர் எழுப்பி, இடையே அமைதியான நீர்ப்பரப்பை உண்டாக்குவதென்று தீர்மானித்தனர். 1875ஆம் ஆண்டு டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அதற்கு அடிக்கல் நாட்டினார். வில்லியம் பார்க்ஸ் என்னும் எஞ்சினீயர் வகுத்த திட்டத்தின்படி வேலை நடந்து முடிவை நெருங்கிய வேளையில், 1881ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய பெரும்புயல் அச்சுவர்களின் பெரும்பகுதியைப் பெயர்த்தெறிந்தது. மீண்டும் கட்டினர். இரண்டாம் முறை கட்டி முடிக்கப் பத்தாண்டுக்கு மேலாயிற்று.

இங்கே ஓர் உண்மையைக் குறிக்க வேண்டும். துறைமுகத்தின் வாயிலைக் கிழக்கு நோக்கியே முதலில் அமைத்தனர். புயலுக்குப் பின்னரும் அவ்வாயிலைக் கிழக்கிலேயே வைத்தனர். வடகிழக்குப் பருவக்காற்றின்போது எழும் பேரலைகள் அவ்வழியே தடையின்றி உள்ளே புகுந்து, கப்பல்களை நிலையாக நிற்கவொட்டாது அலைக்கழித்தன. தெற்கிலிருந்து கரையோரமாக நகர்ந்து வரும் மணலும் வாயிலை அணுகி ஆழத்தைக் குறைத்து வந்தது. பெரும் பொருளும் நெடுங்காலமும் செலவிட்டுக் கட்டிய துறைமுகத்தின் வாயே அதன் பகையாயிற்று.

இந்நிலையில் 1904ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுக டிரஸ்டின் தலைவராக வந்து சேர்ந்தவர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் துரை. அயர்லாந்திற் பிறந்து, 1870ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் எஞ்சினீயராக உழைத்தவர் அவர். இராஜமகேந்திரபுரத்தருகே கோதாவரியின் குறுக்கே 1900ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட நீண்ட ரயில் பாலத்தின் கட்டுமானம் அவர் பொறுப்பில் நடந்தது. ஆறுகளை அணை கட்டி அடக்குவதைக் காட்டிலும், அவற்றின் போக்கறிந்து கரையமைத்து நெறிப்படுத்துவதே சிறந்தது என்ற துறையில் 1903ஆம் ஆண்டில் ஒரு நூலும் எழுதி வெளியிட்டார். சென்னைக்கு வரும்போது அவர்க்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. ஓய்வை எதிர்நோக்கும் வயதில் அவர் ஏற்றுக்கொண்டது முன்னோர் இருமுறை முயன்று முழு வெற்றி காணாத ஒரு வேலையை.

புதிதாய்த் தலைமையேற்போர்க்கு வரும் முதல் இடர் இதுவே. முன்பிருந்தவர் செய்துவைத்தது தவறு எனக் காணுமிடத்து என் செய்வது? அதனை அப்படியே காத்துவந்தால் எவரும் குறை சொல்லார்; காரியம் மட்டும் கெடும். அதனை மாற்றினால், இத்தனை பொருளை ஏன் செலவிட்டீர்கள் என்னும் கேள்வி எழும். பழைய திட்டத்தோடு பெயர் பிணைந்தவர்கள் பகைப்பர். மாற்றமும் தோற்றால் முழுப் பழியும் மாற்றியவன் தலையில் விழும். பெரும்பாலோர் இவ்விடத்தில் முதல் வழியையே நாடுவர். ஸ்பிரிங் இரண்டாவதை நாடினார். கிழக்கு வாயிலை அடைத்துவிட்டு, வடகிழக்கு மூலையிற் புதிய வாயில் திறந்து, பேரலை நேரே புகாதவாறு அதற்கு வெளியே ஒரு காப்புக்கரம் நீட்டுவதென்று முடிவு செய்தார். 1911ஆம் ஆண்டளவில் அவ்வேலை நிறைவேறியது. உள்ளே கப்பல்கள் அணைந்து நிற்கத்தக்க துறைமேடைகளும், சரக்குக் கிடங்குகளும், அவற்றோடு இணைந்த ரயில் பாதைகளும் அவர் காலத்தில் வளர்ந்தன. சென்னைத் துறைமுகம் எக்காலத்தும் கப்பல் தங்கத்தக்க துறைமுகமாக உருப்பெற்றது அந்நாளில்தான். 1919ஆம் ஆண்டு வரை, பதினைந்து ஆண்டுகள், அவர் அப்பதவியில் இருந்தார்.

இதிலே நாம் கற்கத்தக்கது துணிவு மாத்திரமன்று. துணிவு மூடர்க்கும் உண்டு. கடலின் போக்கையும் மணலின் நகர்ச்சியையும் அளந்து ஆராய்ந்த பின்னரே அவர் துணிந்தார். சென்னைத் துறைமுகத்தருகே மணல் நகரும் வகையைக் குறித்து எஞ்சினீயர்களின் சபைக்கு அவர் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையும் எழுதினார். ஆராய்ச்சி முதலிலும் மாற்றம் பின்னுமாக அமைந்தமையால் அவர் மாற்றம் நிலைத்தது. பதவியேற்ற முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் தலைகீழாக்கிப் புகழ் தேட முயலும் இளைஞர்கள் இதனைக் கருத்திற் கொள்வார்களாக.

இனி, அத்துறைமுகக் காரியாலயத்தினுள்ளே நிகழ்ந்த வேறொரு செய்தியைக் காண்போம். அஃது உலகறிந்த செய்தியாயினும், அதனைத் தலைமைக்குரிய பாடமாக நம்மவர் நோக்குவதில்லை.

1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் தேதியன்று அக்காரியாலயத்தின் கணக்குப் பகுதியில் ஓர் இளைஞர் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். கும்பகோணத்தில் வளர்ந்தவர், கணிதம் ஒன்றிலேயே மனம் சென்றமையால் ஏனைய பாடங்களில் தவறிக் கல்லூரிப் பட்டம் பெறாதவர், அதுகாறும் நெல்லூர்க் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவ் அளித்துவந்த உதவித்தொகையால் வாழ்ந்தவர். அவரே சீனிவாச இராமாநுஜன். அக்காரியாலயத்தில் ஸ்பிரிங் துரைக்கு அடுத்த நிலையில் இருந்த இந்திய உத்தியோகஸ்தர் எஸ். நாராயண ஐயர். அவர் கணிதம் பயின்றவர். இந்தியக் கணிதச் சங்கத்தின் பொருளாளராகவும் விளங்கியவர்.

வேறொரு காரியாலயமாயிருப்பின் என் நிகழ்ந்திருக்கும்? வேலை நேரத்திற் காகிதம் பொறுக்கிக் கணக்கெழுதுகின்றான் என்று புகார் எழுந்திருக்கும்; கீழதிகாரியின் அறிவு தம் அறிவினும் மேம்பட்டது என்று கண்ட மேலதிகாரிக்கு அழுக்காறு மூண்டிருக்கும்; ஓராண்டில் அவ்விளைஞர் வேறு வேலை தேடி அலைந்திருப்பார். நாராயண ஐயரோ மாலை வேளைகளில் அவ்விளைஞரோடு சிலேட்டுப் பலகையும் கையுமாக அமர்ந்து கணிதம் ஆராய்ந்தார். இராமாநுஜன் பல படிகளைத் தாண்டித் தாண்டி விடைக்குச் செல்லும் இயல்பினர். பிறர்க்கு விளங்க வேண்டுமாயின் இடையிலுள்ள படிகளையும் எழுதவேண்டும் என்று ஐயர் வற்புறுத்தி வந்தார் என்று அவர் குடும்பத்தார் வழிவந்த நினைவுகள் கூறுகின்றன. தம்மினும் பெரியவன் தமக்குக் கீழ் அமர்ந்திருக்கின்றான் என்று அறிந்து, அதனால் நாணாமலும் அஞ்சாமலும் அவனுக்கு உதவுதல் தலைமையின் மிக அரிய பகுதி.

ஐயர் கண்டதைத் துரையும் ஏற்றார். 1913ஆம் ஆண்டு ஜனவரியில் இராமாநுஜன் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டி என்னும் கணிதப் பேராசிரியர்க்குத் தம் முடிவுகளை எழுதியனுப்பினார். அடுத்த மாதம் வானிலை ஆராய்ச்சித் தலைவரும் கணித வல்லுநருமாகிய கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது, ஸ்பிரிங் தம் குமாஸ்தாவின் குறிப்புக்களை அவர்க்குக் காட்டினார். வாக்கர் உடனே சென்னைச் சர்வகலாசாலைக்கு எழுதினார். அதன் பயனாக 1913ஆம் ஆண்டு மே முதல் தேதியிலிருந்து இராமாநுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கிடைத்தது. இராமாநுஜன் சீமைக்குச் செல்லும் பேச்செழுந்தபோது, அதற்கு வேண்டிய பொருளுதவியைப் பரிந்துரைத்து, கவர்னர் பென்ட்லண்டு பிரபுவின் அந்தரங்கக் காரியதரிசிக்கு ஸ்பிரிங் கடிதம் எழுதினார். 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் தேதி இராமாநுஜன் சென்னையிலிருந்து கப்பலேறினார். 1918ஆம் ஆண்டில் இங்கிலாந்து ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் தேதி, முப்பத்து மூன்றாம் வயது நிறையாமுன்னரே, சென்னையில் மறைந்தார்.

இவ்வரலாற்றில் நம்மவர் ஊன்றி நோக்கவேண்டுவன மூன்று. தலைவர்கள் அவ்விளைஞரின் அருமையை அறிந்தார்கள். அறிந்ததைத் தம் மனத்துள் அடக்காமல், அவர்க்கு எட்டாத உயர்ந்த இடங்களிற் சென்று அவர்க்காகப் பேசினார்கள். இறுதியாக, தம் காரியாலயத்துக்கு ஆளிழப்பு நேரும் என்று தடுக்காமல் அவரைப் போகவிட்டார்கள். இம்மூன்றனுள் கடைசியதே கடினமானது. நல்ல வேலைக்காரனை விட்டுக்கொடுக்க எந்தத் தலைவனுக்கும் மனம் வராது. அவன் உயர்வுக்காக அவனை இழக்க ஒருப்படுபவனையே தலைவன் என்று அழைத்தல் தகும். இன்னாரிடத்து இன்ன செயலை ஒப்படைக்க வேண்டும் என்று ஆராய்வதற்காகவே வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என்று தனி அதிகாரம் வகுத்தார் அன்றோ?

இங்ஙனம் ஸ்பிரிங் துரையைப் புகழ்ந்த நாம், நம் குலத்தார் கண்ணீரையும் மறைத்தல் முறையன்று. துறைமுகத்தின் வரலாற்றில் மற்றொரு பக்கமும் உண்டு.

இக்கடற்கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதன்று. தென்மேற்குக் காற்றின் காலத்தில் அது வடக்கு நோக்கி நகரும். வடகிழக்குக் காற்றின் காலத்திற் சிறிது தெற்கே திரும்பும். ஆண்டு முழுதும் கூட்டிப் பார்த்தால் வடக்கே செல்வதே மிகுதி. துறைமுகச் சுவர் கடலிற் குறுக்கே நீண்டபோது அம்மணல் தெற்கே தடுக்கப்பட்டுக் குவிந்தது. இன்று மாலையில் மக்கள் காற்று வாங்கும் மெரினாவின் அகன்ற மணற்பரப்பு அவ்வாறு விரிந்ததே. வடக்கே வரவேண்டிய மணல் வராமையால், கடல் இராயபுரக் கரையையும் அதற்கப்பால் திருவொற்றியூர்க் கரையையும் அரித்துத் தின்னத் தொடங்கிற்று. நம்மவர் வலை உலர்த்திய மணலும், கட்டுமரம் ஏற்றிய திடலும், குடியிருந்த தெருக்களும் ஆண்டுக்காண்டு கடலுள் மறைந்தன. கருங்கல் கொட்டி ஓரிடத்தைக் காத்தால், அரிப்பு அதற்கு வடக்கே நகர்ந்தது. மசூலாப் படகின் தொழிலும் துறைமுகத்தால் அழிந்தது. அலை கடக்கும் கலையில் ஒப்பாரில்லாதிருந்தோர் கூலிக்கு மூட்டை சுமப்போராயினர். காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் அமைந்தது பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே.

மணலின் நகர்ச்சியை ஆராய்ந்தறிந்தவர்கள் அரிப்பையும் அறியாமலிருந்திரார். ஆயினும் துறைமுக டிரஸ்டின் கூட்டத்தில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருந்தனர். கப்பல்காரர் குரல் ஒலித்தது. குப்பத்து நாட்டார் எவர்க்கும் அங்கே ஆசனம் இல்லை. தன் சுவர்களுக்குள்ளே நீதிமானாயிருக்கும் தலைவன், சுவருக்கு வெளியே தன் செயலால் துன்புறுவோரைக் காணாதிருத்தல் பெரிதும் கூடும். அவன் தீயவன் என்பதன்று காரணம். அவர்கள் அவன் கண்ணிற் படுவதில்லை என்பதே காரணம். நம்மவருள் எவர் உயர் பதவியடையினும், தாம் தீர்மானம் செய்யும் மேசையைச் சுற்றி நோக்கி, இங்கே யார் இல்லை என்று ஒருமுறை தம்மைக் கேட்டுக்கொள்ளல் கடமையாகும். அக்கேள்வியைக் கேளாத காலத்தின் பயனை நம் கரை சுமந்துகொண்டிருக்கின்றது.

அடுத்து, அதிகாரமின்றி மனிதரை நடத்தும் தலைமையைப் பற்றிச் சில சொல்லுவோம். பதவியாலன்றி நம்பிக்கையாலேயே நடக்கும் தலைமை அது. ஆதலின் அதன் இடர் இருமடங்கு.

1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி பெரம்பூர்ப் பகுதியிற் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. இந்தியாவில் ஒழுங்காக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதனைக் கூறுவர். பக்கிங்ஹாம், கர்நாடிக் என்னும் இரு பஞ்சாலைகளின் தொழிலாளர் நண்பகல் உணவுக்கு அரைமணி நேரமே பெற்றிருந்தனர். அவர் குறைகளை முதலிற் செவியுற்றவர்கள் அப்பகுதியில் வாழ்ந்த செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும். அவர்கள் வேண்டுகோளின்மேல் பி.பி. வாடியா தலைவரானார். பார்ஸி வகுப்பினர், தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர். திரு. வி. கலியாணசுந்தர முதலியார் உபதலைவராயினார். வாடியா முதலிற் செய்தது முழக்கமன்று. தொழிலாளர் குறைகளை ஒன்றொன்றாய்க் கேட்டறிந்ததே. உணவு நேரத்தைச் சில நிமிஷம் நீட்டுவது போன்ற சிறு வெற்றிகளால் நம்பிக்கை வளர்ந்தது.

1920ஆம் ஆண்டின் இறுதியில் கதவடைப்பும் கலகமும் துப்பாக்கிப் பிரயோகமும் நிகழ்ந்தன. ஆலை முதலாளிகள் உயர்நீதிமன்றத்தில் வாடியா முதலியோர்மீது வழக்குத் தொடுத்து, தொழிலாளரை ஒப்பந்தம் மீறத் தூண்டலாகாது என்று தடையுத்தரவு பெற்றனர். சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு யாதொன்றும் அந்நாளில் இல்லை. 1921ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உடன்பாடு செய்துகொண்டு வாடியா தலைமையினின்றும் விலகினார். அவ்வழக்கு நாடெங்கும் எழுப்பிய விவாதமே 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிகோலிற்று. ஒரு தலைவன் தோற்ற இடத்திலிருந்து அவனுக்குப் பின்வந்தோர்க்கு வழி திறப்பதும் உண்டு என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

அதன் பின்னர் நேர்ந்ததோ சொல்லவும் வருந்தத்தக்கது. எனினும் சாதிச் சங்கத்தின் பத்திரிகையாகிய இதிற் சொல்லியே தீரவேண்டும். 1921ஆம் ஆண்டு நடுவில் அவ்வாலைகளில் மீண்டும் பெரிய வேலைநிறுத்தம் மூண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளரிற் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். ஏனைய இந்துக்களும் முஸ்லிம்களும் திரும்பவில்லை. ஒரே தறியில் அருகருகே நின்றவர்கள் இரு படைகளாய்ப் பிரிந்தனர். புளியந்தோப்பிற் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டு 29ஆம் தேதி போலீசார் சுட்டதில் சிலர் மாண்டனர். கவர்னர் வில்லிங்டன் பிரபு திரு. வி. க. முதலியோரை அழைத்து நாடு கடத்துவதாக அச்சுறுத்தினார். திங்கள் பல சென்றபின், அக்டோபரில், தொழிலாளர் தோல்வியோடு வேலைக்குத் திரும்பினர். முதலாளிகளின் பணபலமும் அரசாங்கத்தின் படைபலமும் தோல்விக்குக் காரணங்களே. ஆயினும் உட்பிளவைக் காட்டிலும் பெரிய காரணம் இல்லையென்பது நம் கருத்து.

அப்பிளவுக்கு ஒரு வகுப்பாரை மட்டும் பழித்தல் நியாயமாகாது. நெடுங்காலம் எட்ட நிறுத்தப்பட்டோர், தண்ணீர்க் குடத்தையும் தொடவிடப்படாதோர், நெருக்கடி நாளில் மட்டும் சகோதரரென்று அழைக்கப்பட்டால் அவ்வழைப்பை எங்ஙனம் நம்புவர்? நம்பிக்கை என்பது வேலைநிறுத்தத்தின் முதல் நாளிற் பிறப்பதன்று. பத்தாண்டு ஒருங்கிருந்து உண்டு பழகிய பழக்கத்திற் பிறப்பது. தலைவர்களோ அதனை வளர்க்கப் போதிய காலம் பெறவில்லை.

இதனை ஏன் இங்கே வற்புறுத்துகின்றோம்? நம்மவருள் ஒருவர் மேற்பார்வையாளரானதும், முதலில் அவர் வீட்டு வாயிலுக்கு வருவோர் நம்மவரே. ‘மாமா, என் மகனுக்கு ஓரிடம்’ என்பர். ‘அண்ணா, எனக்கு இரவு வேலை வேண்டாம்’ என்பர். மறுத்தால் குலத்தை மறந்தவன் என்று பெயர். இசைந்தால், உடன் உழைக்கும் பிறர் மனத்தில் நஞ்சு விழும். இதுவே நம் இளைஞர்கள் நாடோறும் படும் இடர். நம் சங்கம் நம் குலத்தாரை உயர்த்த எழுந்ததே. ஆயினும் உயர்த்துதற்குரிய வழி, படிப்புக்குப் பொருளும் தேர்வுக்குப் பயிற்சியும் அளித்து, எவர்முன்னும் தகுதியோடு நிற்கச் செய்தல். தகுதியிற் குறைந்தானைப் பதவியிலுள்ள உறவினன் தோளில் ஏற்றுதலன்று. உறவினர்க்கு ஒரு நீதியும் பிறர்க்கு ஒரு நீதியும் வழங்கும் மேற்பார்வையாளன், நெருக்கடி வந்த நாளில், தன் பின்னே பாதிப் பேர் இல்லாதிருக்கக் காண்பன். 1921ஆம் ஆண்டு அதற்குச் சான்று.

நம் குலத்திற் பிறந்து இவ்வுண்மையை வாழ்ந்து காட்டியவர் ஒருவர் உளர். அவரே ம. சிங்காரவேலர். 1860ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் தேதி மீனவர் குடும்பத்திற் பிறந்து, சட்டம் பயின்று, உயர்நீதிமன்ற வக்கீலாகப் பொருளீட்டிய அப்பெரியார், ஒத்துழையாமை இயக்கத்தின்போது வக்கீல் தொழிலைத் துறந்தார். 1921ஆம் ஆண்டின் ஆலைப் போராட்டத்திலும் தொழிலாளர் பக்கம் நின்றார். 1923ஆம் ஆண்டு மே முதல் தேதியன்று, இந்தியாவிலேயே முதன்முறையாக, மே தினத்தைச் சென்னைக் கடற்கரையில் இரண்டிடங்களிற் கூட்டங்கூட்டிக் கொண்டாடினார். 1928ஆம் ஆண்டில் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் பொருட்டுச் சிறை புகுந்தபோது அவர்க்கு வயது 68. 1930ஆம் ஆண்டில் விடுதலையானார். 1946ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் தேதி மறைந்தார். அவர் நெசவாலையாருக்கும் ரயில்வேயாருக்கும் தலைவரானார். அவருள் நம் குலத்தார் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து அவர் சிறை சென்றாரல்லர். ஆதலினன்றோ இன்று நாம் அவரை நம்மவரென்று சொல்லிப் பெருமிதம் கொள்ள இயலுகின்றது! தன் குலத்துக்கு மாத்திரம் தலைவனாயிருந்தவனைப் பிற குலத்தார் மறப்பர். சிறிது காலத்தில் தன் குலத்தாரும் மறப்பர்.

இன்னும் ஓர் இடரைக் கூறி முடிப்போம். தீய செய்தியை மறைக்கும் ஆசை அது. 2017ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் தேதி, எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதின. எரியெண்ணெய் கடலிற் கலந்தது. முதலில் வெளியான அறிவிப்புக்கள் தீங்கு ஏதுமில்லை என்னும் கருத்திலேயே அமைந்தன. சில நாட்களுக்குள் எண்ணூர் முதல் மெரினாவுக்கு அப்பாலும் கரை கறுத்தது. நம் மீனவரும் மாணவரும் தொண்டரும் வாளிகளைக் கொண்டே அவ்வெண்ணெய்ச் சேற்றை அள்ளிய காட்சியை நம்மிற் பலர் நேரிற் கண்டோம். தொடக்கத்திலேயே உண்மையைப் பறைசாற்றியிருப்பின், எண்ணெய் பரவுமுன் தடுப்பதற்குச் சில நாழிகையேனும் மிஞ்சியிருக்கும். இப்பிழை பெரிய துறைமுகங்களுக்கு மாத்திரம் உரியதன்று. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையிலும் இயந்திரம் பழுதானால் மேலிடத்துக்குச் சொல்ல அஞ்சுகின்றனர். அவ்வச்சத்துக்குக் காரணம், கெட்ட செய்தி கொணர்ந்தவனையே முதலில் ஏசும் தலைவனது வழக்கம். அத்தகையவனுக்கு நாளடைவில் நல்ல செய்தி மாத்திரமே வந்து சேரும். கப்பல் மூழ்கும் நாளிலும் காற்று நன்றாயிருக்கின்றது என்றே அவன் கேள்விப்படுவன்.

ஆகவே, புதிதாய்ப் பொறுப்பேற்கும் நம் இளைஞர்க்கு நாம் கூறுவது இது: கட்டளையிடுமுன் கடலை அளந்தறிமின், உம்மினும் வல்லவனைக் கண்டால் அவனை உயர்த்துமின், உம் மேசைக்கு வர இயலாதவரை நீரே சென்று காண்மின், உறவினர்க்கும் பிறர்க்கும் ஒரே தராசை ஏந்துமின், தீய செய்தி கொணர்ந்தவனுக்கு முதலில் நன்றி சொல்லுமின். இவற்றுள் ஒன்றும் ஒரே நாளிற் கைகூடுவதன்று.

குடும்பத்தார்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பொறுப்பிலிருக்கும் மகனோ, மகளோ, மருமகனோ வேலை முடிந்து வீடு திரும்பும்போது, அவர்பால் சிபாரிசு கேட்டு நிற்கும் முதல் ஆளாக நீங்கள் இருத்தல் வேண்டா. அவர் ஒருவர்க்கு மறுத்தார் என்று கேள்வியுற்றால், குலத்தைக் காட்டிக் கொடுத்தான் என்று பேசுமுன், எதனைக் காப்பதற்காக மறுத்தார் என்று வினவுங்கள். வீட்டில் அவர்க்கு அந்த ஆறுதல் கிடைக்குமாயின், வெளியே நேர்மையாய் நிற்க அவர்க்கு வலிமை உண்டாகும். நம் குலத்திலிருந்து மேலும் பல சிங்காரவேலர்கள் தோன்றுவதும் தோன்றாதொழிவதும் பெரிதும் நம் வீட்டுத் திண்ணைகளிலேயே தீர்மானமாகும்.